நல்லா இருக்கு

“நல்லா இருக்கு” என்று கணவர் சொன்னதும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதே இல்லை. அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்கிறவர். மளிகைச் சீட்டோ கல்யாணப் பத்திரிகையோ, எது கையில் கிடைத்தாலும் தப்பு கண்டுபிடிக்காமல் கீழே வைக்க மாட்டார். காதலித்த காலத்தில் அவள் எழுதிய முதல் கடிதத்தையே திருத்தித் திருப்பிக் கொடுத்த மகான்.

அவளுடைய முதல் சிறுகதையைப் படித்துவிட்டு, “உன் கதாநாயகி பக்கத்துக்குப் பக்கம் பெருமூச்சு விடுறாளே, ஆஸ்துமாவா?” என்று கேட்டவர். அவள் இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் பெருமூச்சுகளை எல்லாம் வெட்டினாள். கதை அச்சேறியது.

அப்படிப்பட்டவர் இப்போது அவளுடைய நாவல் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கோடுகூடப் போடாமல் நல்லா இருக்கு என்கிறார்.

“எது நல்லா இருக்கு?”

“எல்லாமேதான். அப்படியே அனுப்பிடு.”

நாளைக்குள் அது பதிப்பகத்துக்குப் போயாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். ‘உயிர் இல்லை’ என்ற ஒற்றை வரிதான் காரணம். இதுவும் திரும்பி வந்தால் எழுதுவதையே விட்டுவிடுவதாக இருந்தாள். உயிர் எந்த இடத்தில் போயிற்று என்று யாராவது சொன்னால் போதும், காலில் விழக்கூடத் தயார்.

யாரும் சொல்லவில்லை. தங்கை நாலு பக்கம் புரட்டிவிட்டு “சூப்பர்க்கா” என்றாள். அலுவலகத் தோழி போனில் பூங்கொத்துப் படம் அனுப்பினாள். அண்ணனோ, “நம்ம குடும்பத்துல இப்படி ஒரு ஆளா” என்று பூரித்துப்போனார், படிக்காமலே. கடைசியாக அவள் நம்பியிருந்தது இவரைத்தான்.

கொஞ்ச நாளாகவே இவர் ஆள் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பேனாவும் கையுமாக மேய்கிறவர். இன்று அது மடிப்புக்கூடக் கலையாமல் நாற்காலியில் கிடந்தது. அச்சகத்தில் ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. அந்தக் கவலையில் இருப்பவருக்குத் தன் நாவல் ஒரு கேடா என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது.

“உண்மையிலேயே முழுசாப் பார்த்தீங்களா?”

“பார்க்காம சொல்வேனா?”

அவள் நாவலிலிருந்து ஒரு தாளை உருவி அவர் கையில் திணித்தாள். அதிலிருந்த தப்பு காலையில்தான் அவள் கண்ணில் பட்டிருந்தது.

“இதுல ஒரு பெரிய தப்பு இருக்கு. கதையைப் படிச்ச யாரும் கண்டுபிடிச்சிடலாம். என்னன்னு சொல்லுங்க.”

அவர் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒண்ணும் இல்லையே. சரியாத்தானே இருக்கு.”

“மூணாவது அத்தியாயத்துல ஆத்துல முழுகிச் செத்தவன், இங்க வந்து சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கிட்டு இருக்கான். இது சரியா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“என்னைக் கைகழுவிட்டீங்க, அப்படித்தானே? இவளுக்கு எங்க எழுத வரப்போகுதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. அதையாவது மூஞ்சிக்கு நேரா சொல்லித் தொலைங்க. திட்டுங்க, வாங்கிக்கிறேன். பொய் மட்டும் வேண்டாம்.”

அவர் திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். முதல் அத்தியாயத்தைக் கையில் எடுத்து, நடுவில் பிடித்துக் கிழிக்கத் தொடங்கினாள்.

சத்தம் கேட்டதும் அவர் பதறி எழுந்தார். “கிழிக்காதே. சொல்றேன்.”

“என்ன சொல்லப் போறீங்க? நல்லா இருக்குன்னா?”

அவர் மறுபடி உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எழுத்து எதுவும் கண்ணுக்குத் தெரியலம்மா. நீ படி, நான் தப்பு சொல்றேன்.”