மூன்றாவது தடவை

"முதல் தடவை கேட்டா என்ன சொல்லணும் அத்தை?"

"வேண்டாம்."

"ரெண்டாவது தடவை?"

"ஐயோ, எதுக்குங்க சிரமம்."

"பிரமாதம். மூணாவது தடவை?"

மாமியார் யோசிப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். "கொண்டா, கொண்டா."

"மாமா, மானத்தை வாங்காதீங்க. 'நீங்க இவ்வளவு சொல்றீங்க, கொஞ்சமா குடுங்க.' இப்படித்தான் சொல்லணும்."

காரின் முன் சீட்டில் இருந்து பின்னால் திரும்பியபடியே பாடம் நடத்தியதில் அவளுக்குக் கழுத்து வலித்தது. மாமனார் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். நேரத்துக்குச் சாப்பிட்டுப் பழகியவர். அவர் கவலை அவருக்கு.

"மூணாவது தடவை கண்டிப்பா கேட்பாங்களா? நடுவுல மறந்துட மாட்டாங்களே?"

"எங்க ஊர்ல அதை யாரும் மறக்க மாட்டாங்க மாமா."

"எங்க பக்கம் வேண்டாம்னா வேண்டாம்தான்" என்றார் மாமியார். மருமகளிடம் கற்ற மொழி. ஈரத் தரையில் நடப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பேசினார். "திரும்பக் கேட்டா, நான் சொன்னது காதுல விழலையான்னு கோபம் வரும்."

அது அவளுக்குத் தெரியாதா? கல்யாணமாகி அவர்கள் வீட்டுக்குப் போன முதல் நாள், மரியாதைக்கு 'டீ வேண்டாம்' என்றாள். டிரே அப்படியே உள்ளே போய்விட்டது. ராத்திரி சாப்பாட்டுக்கும் அதே மரியாதை. அன்றைக்குப் பட்டினி. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி இன்னும் அந்த வீடு சிரிக்கும்.

இன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. 'வேற ஊர்க்காரனைக் கட்டிக்கிட்டா இந்த வீட்டுப் படி ஏறாதே' என்று சொன்ன அப்பா, இரண்டு வருஷம் பேசாமல் இருந்துவிட்டுப் போன வாரம் ஃபோன் செய்தார். 'அந்தப் பையனோட அப்பா அம்மாவையும் கூட்டிக்கிட்டு ஞாயித்துக்கிழமை வா.' பேர் இல்லை, உறவு இல்லை. அந்தப் பையன். இன்றைக்கு ஏதாவது கோணலாகிவிட்டால், அப்பா வீடு என்று ஒன்று அவளுக்கு இனி இல்லை.

ஓட்டிக்கொண்டிருந்த கணவன் தொண்டையைச் செருமினான். "நான் ஒண்ணு சொல்லணும். உங்க அப்பா..."

"எங்க அப்பாவைப் பத்தி எனக்குத் தெரியும். நீங்க ரோட்டைப் பாருங்க."

அவன் ரோட்டைப் பார்த்தான்.

தெரு குறுகல். மூவரையும் வாசலில் இறக்கிவிட்டு, வண்டி நிறுத்த இடம் தேடிப் போனான்.

அப்பா சட்டையைக் கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். லேத்துப் பட்டறை வைத்திருப்பவர். எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறுப்பு நகக்கண்ணில் இருந்தது. அம்மா போன பிறகு வீட்டில் அவர் ஒருவர்தான். "வாங்க" என்று சோபாவைக் காட்டினார். எல்லோரும் உட்கார்ந்ததும் கேட்டார்.

"டீ சாப்பிடறீங்களா?"

மாமியார் மருமகளை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அழகாக ஒப்பித்தார். "வேண்டாம்."

"சரி" என்றார் அப்பா.

மின்விசிறி சுற்றியது. மாமியார் இரண்டாவது பதிலை உதட்டில் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார். மாமனார் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா காலண்டரைப் பார்த்தார்.

"ரயில் ஓட்டினீங்களாமே" என்றார் கடைசியில்.

"ஆமா."

"பொறுப்பான வேலை."

அதோடு அதுவும் நின்றது. மாமனாரின் வயிறு மட்டும் லேசாக ஏதோ சொல்லிற்று. அவளால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை.

"அப்பா, கொஞ்சம் உள்ள வாங்க."

சமையலறைக்குள் போனதும் பொங்கிவிட்டாள்.

"பிடிக்கலைன்னா ஃபோன்லயே சொல்லியிருக்கலாமேப்பா. சிலிண்டர் போட வர்றவரைக்கூட மூணு தடவை கேட்டு, கையைப் பிடிச்சு உட்கார வெச்சு டீ குடுக்கற ஆளு நீங்க. என் மாமியாரை ஒரே ஒரு தடவை கேட்டுட்டு 'சரி'ங்கறீங்க. இந்த ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? எழுந்து போங்கன்னு அர்த்தம்."

அப்பா அடுப்பைப் பார்த்தார். பெரிய பாத்திரம் நிறைய டீ, அடங்கிய தீயில் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. மேடை முழுக்க மூடி வைத்த தட்டுகள். அம்மா இருந்தவரை விருந்தாளிக்கு மட்டும் எடுக்கும் பூப்போட்ட கோப்பைகள் கழுவிக் கவிழ்த்திருந்தன.

"இதெல்லாம் யாருக்குப்பா?"

அவர் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு மட்டும் கேட்கணும்னு இல்லையாம்மா? நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

"எதுக்கு?"

"அவங்க பக்கம் வேண்டாம்னா வேண்டாம்தானாம். மறுபடி கேட்டா மரியாதைக் குறைச்சலாம். இன்னும் ஒரு தடவை கேட்டா உன் மாமியார் கோவிச்சுக்குவாங்களோ என்னவோ, மாப்பிள்ளை வரட்டும், கேட்டுக்கலாம்னு பார்க்கறேன். உனக்குத் தெரியாம இத்தனை மாசமா ஃபோன்ல எனக்குப் பாடம் எடுக்கறதே அவர்தானே."