தங்கப் பூச்சுக்கு அடியில்

“திருநீறுதான் சார். என் நெத்தியிலேர்ந்து விழுந்திருக்கும்.”

விநாசித்தம்பி அண்ணன் இப்படிச் சொன்னதும் சூப்பர்வைசர் தங்கராஜு தலையில் கை வைத்துக்கொண்டார்.

எண்பத்தைந்தாம் வருடம். மலேசியாவின் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலை. சிப்பைக் கண்ணாடிக் கூண்டில் வைத்து, காற்றை உறிஞ்சி, அதன்மேல் மெல்லிய தங்கம் படிய வைப்பது அண்ணன் வேலை. எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் அதைப் படம் எடுப்பது என் வேலை. தங்கம் படியும்போது கூண்டுக்குள் ஊதா வெளிச்சம் பூக்கும். இன்றும் அந்த நிறத்தை எங்காவது கண்டால் நின்றுவிடுகிறேன்.

அன்று காலையில் செய்த சிப்பின் படத்தில், கம்பிகளுக்கு நடுவே தூசி. கம்பி இணைக்கும் ஆபரேட்டர் பெண்களில் யாரோ ஒருத்திதான் காரணம், கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பு என்று மேலேயிருந்து உத்தரவு. ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்த வருடம். போனால் வேறு வேலை கிடைக்காது.

விசாரணை தொடங்குமுன் அண்ணன் பழியை எடுத்துக்கொண்டார்.

“சாமியெல்லாம் வீட்டோட வச்சிக்கணும்லா, அண்ணே,” என்றார் தங்கராஜு. அண்ணனை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள்.

உலகத்திலேயே தங்கம் பூசின திருநீறு அண்ணனுடையதுதான் என்று கேன்டீனில் சிரித்தார்கள். அவர் பாட்டுக்குக் கோப்பி குடித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. கையுறை இல்லாமல் ஒரு சிப்பைத் தொடாத மனிதர், இதில் எப்படிக் கோட்டைவிட்டார்?

தை மாதம் எனக்கும் புஷ்பவள்ளிக்கும் கல்யாணம். சூலியா தெருவில் அச்சடித்த பத்திரிகையோடு ஸ்டோருக்குப் போனேன். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மனம் கேட்கவில்லை.

“அன்னைக்கு ஒரு நாள் நெத்தியத் துடைச்சிட்டு வந்திருந்தா என்னண்ணே?”

“தினமும் துடைச்சிட்டுத்தான் தம்பி உள்ள வருவேன்.”

“அப்ப அந்தத் தூசி?”

“முகப் பவுடர். ஆபரேட்டர் பிள்ளைங்க அதைப் பூசிட்டு வந்தா வேலை போயிடும், உங்களுக்குத் தெரியாததா? குனிஞ்சு வேலை பார்க்கறப்போ கொட்டியிருக்கு. ஒரு பிள்ளை அழுதுகிட்டே எங்கிட்ட வந்து சொல்லிச்சு.”

“யாருண்ணே அது?”

அண்ணன் என் முகத்தையே பார்த்தார்.

“உங்க புஷ்பவள்ளிதான் தம்பி. அன்னைக்குச் சாயங்காலம் நீங்க பொண்ணு பார்க்க வர்றீங்கன்னு, ஆசையா பூசிக்கிட்டு வந்திருச்சு.”