அப்பாவின் பதில்

தோராஜா மலையூரில் எருமையை வெட்டிச் சடங்கு செய்யும்வரை செத்தவரைச் செத்தவர் என்று சொல்வதில்லை. உடம்புக்கு முடியாதவர் என்று, உடல் கெடாமல் மருந்திட்டு வீட்டிலேயே வைத்திருப்பார்கள். மூச்சு நின்று ஏழு மாதமான அப்பாவுக்கு மார்த்தா அன்று காலையும் காப்பி கொண்டுபோனாள். கட்டிலருகே கேமராவோடு ஒரு வெள்ளைக்காரன் நின்றான். அப்பாவின் முகத்தை மூடியிருந்த துணி விலகிக் கிடந்தது.

"ஒரே ஒரு போட்டோக்கா," என்று இளித்தான், அவனைக் கூட்டிவந்திருந்த சித்தப்பா மகன் சம்பே. "வீட்டுக்குள்ள பிணத்தை வச்சிருந்து இவர் பார்த்ததே இல்லையாம்."

இந்த வீட்டில் அந்தச் சொல் அதுவரை விழுந்ததில்லை. மார்த்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காப்பியைத் தலைமாட்டில் வைத்துவிட்டுத் துணியை இழுத்து மூடினாள். ஒரு நாற்காலியை நங்கென்று போட்டாள்.

"உன்னைத் தோள்ல தூக்கி வளர்த்தவருடா. இந்த வீட்டுல எதுன்னாலும் அவர்கிட்டதான் கேக்கணும். உன் ஆளைக் கேக்கச் சொல்லு. சரின்னு சொன்னா எடுத்துக்கட்டும்."

வெள்ளைக்காரன் சிரித்தபடி உட்கார்ந்து அப்பாவைப் பார்த்து ஏதோ கேட்டான். காப்பி ஆறியது. அவன் சிரிப்பும் நின்றது. எழப் பார்த்தான்.

"நேரமாச்சுக்கா, விடு," என்றான் சம்பே.

மார்த்தா கதவைச் சாத்தி அதில் சாய்ந்து நின்றாள்.

"உக்காரச் சொல்லுடா. அப்பா எப்பவும் நிதானமாத்தான் பதில் சொல்வார்."