நின்று எரிந்த வெளிச்சம்

பதுங்குகுழிக்குள் பவளராணிக்குப் பிள்ளை பிறந்தபோது, அவள் கணவன் தவராசாவின் கையிலிருந்த டோர்ச் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. வெளியே நல்ல வெயில். ஷெல்லுக்குப் பயந்து வாசலை மண்மூட்டைகளால் அடைத்திருந்தார்கள்.

பிள்ளை அழவில்லை. பேறு பார்க்க வந்த அயல்வீட்டுச் சின்னமணியக்கா அதன் முதுகைத் தட்டிக்கொண்டேயிருந்தாள்.

“கை ஆட்டுறான்,” என்றான் தவராசா. அந்த மினுங்கலில் சின்ன விரல்கள் மூடித் திறப்பதை அவன் கண்டான். வாயும் அசைந்தது.

“தம்பி, உந்த வெளிச்சத்தில எனக்கு ஒண்டும் தெரியேல்லை. ஒருக்கால் சரிபண்ணு.”

அவன் பல்பை இறுக்கிப் பார்த்தான். இருட்டில் தடவித் தடவிப் பற்றரிகளைக் கழற்றி, முனைகளை உடுத்திருந்த சாரத்தில் தேய்த்துப் போட்டான். அப்போதும் மினுங்கியது. அடி ஸ்பிரிங் துருவேறித் தளர்ந்திருந்தது. அதை இழுத்து நீட்டி, பிஸ்கற் பைக்கற்றின் ஈயத்தாளை மடித்து வைத்து மூடியைத் திருகினான். வெளிச்சம் நின்று எரிந்தது.

சின்னமணியக்காவின் மடியில் பிள்ளை கிடந்தது. விரல்கள் அசையவில்லை. வாயும் அசையவில்லை. அவன் டோர்ச்சை மெல்ல ஆட்டிப் பார்த்தான். பிள்ளையின் நிழல் மட்டும் மண்சுவரில் ஆடியது. சின்னமணியக்கா தட்டுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

“இஞ்சருங்கோ,” பவளராணி முழங்கையை ஊன்றி எழும்பினாள். “இப்ப நல்லா எரியுதெல்லே, எனக்கும் ஒருக்கால் காட்டுங்கோ.”

தவராசா பெருவிரலைச் சுவிச்சின்மேல் வைத்தபடி குந்தியிருந்தான்.