எண்ணிக்கையில் வராதவை

தட்டில் எதுவும் முளைக்கவில்லை.

அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பாக்டீரியா வளர்க்கும் தேன் நிற அகார் கூழ். அதன் மேல் ஒரு புள்ளிகூட இல்லை.

பக்கத்தில் இன்னொரு தட்டு. அதே பாக்டீரியாதான். நேற்று புற ஊதா விளக்குக்குக் காட்டாமல் விட்டது. அதில் வெண்புள்ளிகள் நெருக்கியடித்துக் கிடந்தன.

“இதுல ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு பாக்டீரியாவுல தொடங்கினது. அது ரெண்டாச்சு. ரெண்டு நாலாச்சு. ஒரே ராத்திரியில கண்ணுக்குத் தெரியற அளவுக்கு ஒரு கூட்டம்.”

மற்ற வருடங்களில் ‘ஒரு குடும்பம்’ என்றுதான் சொல்வாள்.

இரண்டாம் ஆண்டு மாணவிகள் மேசைகளைச் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். விடுப்பு முடிந்து அவள் கல்லூரிக்கு வந்த முதல் வாரம் அது.

பிரசவத்துக்கென்று எடுத்த விடுப்பு.

குழந்தை பிழைக்கவில்லை. ரத்தம் நிற்காததால் கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். அவளுக்கு மயக்கம் தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

குழந்தையின் அடக்கமும்.

கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். ஓய்வறைக்குள் அவள் நுழைந்தால் பேச்சு தேர்வு அட்டவணைக்குத் தாவியது. பக்கத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் சக ஆசிரியை ரெஜினா வைத்திருந்த மகளின் படத்தைக் காணவில்லை. அது இருந்த இடம் மட்டும் செவ்வகமாக, நிறம் மங்காமல் தெரிந்தது.

அவளுக்கு அது வலிக்கவில்லை. எதுவும் வலிக்கவில்லை. பழைய ரவிக்கைகள் சரியாகப் பொருந்தின. பேருந்தில் யாரோ காலை மிதித்தார்கள். மிதித்தவர் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

வெற்றுத் தட்டை மேசையில் வைத்தாள்.

“பாக்டீரியா செத்துடுச்சுன்னு எதை வெச்சு சொல்றோம்?”

பதிலையும் அவளே சொன்னாள்.

“இனிமே ரெண்டாப் பிரிய முடியாதுன்னா அது செத்தது. அவ்வளவுதான். எழுதிக்குங்க.”

பல வருடங்களாகச் சொல்லிவரும் வாக்கியம். குரல் வழக்கம்போலவே வந்தது.

பேனாக்கள் ஓடின.

ஷம்ஷாத் மட்டும் எழுதவில்லை. விளக்குக்குக் காட்டிய பாக்டீரியா இருந்த குழாயிலிருந்து ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்திருந்தாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான்.

“மேம், இது அசையுது.”

“தண்ணியோட சேந்து ஆடும். செத்ததும் ஆடத்தான் செய்யும்.”

“இல்ல மேம், நீந்துது. ஒண்ணு இந்தப் பக்கம் போகுது, ஒண்ணு எதுக்கால வருது. நின்னு திரும்புது மேம். இவ்வளவு உசிரா இருக்கறத எப்படி மேம் செத்ததுன்னு சொல்றது? பிரிய முடியலங்கற ஒரே காரணத்துக்காக…”

பக்கத்தில் நின்ற கயல்விழி அவள் முழங்கையைக் கிள்ளினாள்.

ஷம்ஷாத் நிமிர்ந்தாள். என்ன கேட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது.

எல்லாப் பேனாக்களும் நின்றிருந்தன. எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன.

அவள் தன் மேசையிலிருந்து நடந்து போய் நுண்ணோக்கியில் குனிந்தாள். திருகைக் கொஞ்சம் திருப்பினாள்.

சின்னச் சின்னக் கோல்கள். பெரும்பாலானவை ஒரே இடத்தில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தன. நடுவே சில, வால் இழைகளைச் சுழற்றியபடி, நேராகப் போயின. நின்றன. புரண்டு வேறு பக்கம் போயின.

நெடுநேரம் பார்த்தாள்.

“நீந்தத்தான் செய்யுது,” என்றாள்.

நிமிர்ந்து மாணவிகளைப் பார்த்தாள்.

“பிரிஞ்சாத்தான் தட்டுல புள்ளி வரும். நாம புள்ளியத்தான் எண்ணுறோம். இது எண்ணிக்கையில வராது. அதனால செத்ததுன்னு எழுதறோம். நீந்துதா, மூச்சு விடுதாங்கறது தட்டுக்குத் தெரியாது.”

“பரீட்சைக்கு எப்படி மேம் எழுதணும்?” பின்னாலிருந்து ஒரு குரல்.

“புத்தகத்துல இருக்கறபடியே எழுதுங்க.”

மணி அடித்தது. பைகளை எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல், அவசரமாகப் போனார்கள். கயல்விழி வாசலில் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஷம்ஷாத் போகவில்லை. தொட்டியடியில் நின்று நுண்ணோக்கிக் கண்ணாடித் தகடுகளைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள்.

“மேம், யோசிக்காமக் கேட்டுட்டேன்.”

“கேட்டது சரிதான்.”

அவள் தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். முளைத்தது, முளைக்காதது எல்லாவற்றையும் கிருமி நீக்கும் அழுத்தக் கொதிகலனில் போட்டு வேகவைத்த பிறகுதான் கொட்ட வேண்டும்.

குழாய் நின்றது. ஷம்ஷாத் ஈரக் கையோடு திரும்பி நின்றாள். ஏதோ சொல்ல வந்து விழுங்கினாள். பிறகு கேட்டேவிட்டாள்.

“பாப்பா யாரு மாதிரி மேம் இருந்துச்சு?”

கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது.

எத்தனையோ பேர் வீட்டுக்கு வந்து போனார்கள். சின்ன வயசுதானே என்றார்கள். கடவுள் சித்தம் என்றார்கள். தத்தெடுக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். இதை யாரும் கேட்கவில்லை.

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

“முடி நெறைய இருந்துச்சாம்,” என்றாள்.