நாலு வயதில் செத்த முப்பாட்டன்

மூன்று வருடமாக எழுதிய வம்சாவளி நோட்டை ஈனாக் கிழிக்கப் போனார். அக்கா டார்கஸ் கையைப் பிடித்தாள்.

"என்னடா ஆச்சு?"

"மாசசூசெட்ஸுக்குக் கப்பல்ல வந்த நம்ம குடும்பத்து முதல் விட்காமோட மகன் ஜோசையா வழியில வந்தவங்க நாமன்னு நெனச்சேன்க்கா. அவரு கல்லறையை இன்னைக்குத்தான் பார்த்தேன். நாலு வயசுலயே செத்துட்டாரு."

"அப்ப நோட்டுல அவரு பேருக்குக் கீழ இருக்குற ஒம்பது புள்ளைங்களைப் பெத்தது யாரு?"

"அதான் தெரியல. நாம யாரு வீட்டுப் புள்ளைங்களோ."

டார்கஸ் சிரித்தாள். "போன வாரம் பெரியவன் கல்லறையில பூ வச்சியே, அதுல என்ன பேரு இருந்தது?"

ஈனாக் யோசித்தார். அவர் பிறப்பதற்கு முன்பே, இரண்டு வயதில் இறந்துபோன அண்ணன். கல்லில் இருந்த பெயர், ஈனாக் விட்காம்.

"செத்த புள்ள பேரை அடுத்த புள்ளைக்கு வைக்கிற வீடுடா இது."

ஜோசையாவின் பெயருக்குப் பக்கத்தில் 'தம்பி ஜோசையா' என்று எழுதி, அங்கிருந்து அந்த ஒன்பது பிள்ளைகளுக்கும் ஈனாக் நிம்மதியாகக் கோடு இழுத்தார்.