குளத்தார் சம்சாரம்

"மறுபடியும் தேறலையா?"

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் போட்டாள். தண்ணீர் வாரிய ஆய்வகத்திலிருந்து வந்த தாளில் சிவப்பு முத்திரை: 'புளிப்பு அதிகம். ஓடையில் விடக் கூடாது.'

கீழே கையெழுத்து. போட்டவள் வேறு யாருமில்லை, எதிரே கைகட்டி நிற்கிறவனின் மனைவிதான்.

அந்த ஒயின் ஆலையில் தொட்டி கழுவிய தண்ணீரெல்லாம் பின்னாலிருக்கும் குளத்தில் போய்ச் சேரும். அதைத் தெளிய வைத்து, வாரியம் சரியென்று சொன்ன பிறகுதான் ஓடைக்கு மதகு திறக்கலாம். குளத்தைக் கட்டி மேய்ப்பவன் அவன். அதனால் எல்லாருக்கும் 'குளத்தார்'.

"அறுவடை நேரம்ப்பா. லாரி லாரியா திராட்சை வந்து நிக்குது. குளமோ விளிம்பு தட்டிடுச்சு. இன்னும் பத்து நாள் போனா ஆலையையே நிறுத்தணும். வீட்டுல சொல்லிப் பாரேன்."

"என்னன்னும்மா?"

"கொஞ்சம் கண்டும் காணாம போகச் சொல்லு. வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறோமே!"

அவன் தலையைச் சொறிந்தான். "அவ ஒரு மாதிரிம்மா. சரி, கேட்டுப் பாக்கறேன்."

மறுநாள் காலை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"கேட்டியா?"

"கேட்டேம்மா. கரண்டியைத் தூக்கிட்டா. 'இந்தத் தண்ணி ஓடையில விழுந்தா மீனெல்லாம் மூச்சு முட்டிச் செத்து மிதக்கும், கீழ இருக்கிற ஊரே அதைத்தான் குடிக்குது, உங்களுக்குச் சோறு ஒரு கேடா'ன்னு கேக்கறா."

"கால்ல விழவேண்டியதுதானே?"

"விழுந்தேனே! 'எந்திரிங்க, தரை துடைக்கணும்'னுட்டா."

முதலாளியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "ஒரு ஜோடி வளையல் வாங்கித் தர்றேன்னு சொல்லு. செலவு என்னுது."

அடுத்த நாள் அவனே ஆரம்பித்தான். "வளையல் போட்டா அடுத்து விலங்கு போடணுமாம்மா. நேத்திலேர்ந்து எனக்குக் காபி வேற கிடையாது."

"அடப்பாவமே! அவ பொம்பளையா, பாறாங்கல்லா?" தன் பிளாஸ்க்கிலிருந்து அவனுக்கு ஊற்றிக் கொடுத்தாள். "இப்படி ஒருத்திகிட்ட வாக்கப்பட்டியே! இனி அவளை நம்பிப் பிரயோஜனமில்ல. என்னதான் பண்ணணும், சொல்லு."

அவன் காபியை ரசித்துக் குடித்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான்.

"குளத்துக்குக் காத்து ஊதற மெஷின் இன்னொண்ணு வேணும்மா. ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன். கூடவே சுண்ணாம்பு."

பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

மெஷின் வந்தது. குளம் நாள் பூராவும் கொதிக்கிற உலை மாதிரி நுரைத்தது. குளத்தார் கரையை விட்டு நகரவில்லை. எட்டாம் நாள் எடுத்த தண்ணீர் தேறிவிட்டது.

மதகு திறக்கும்போது கடைசியாக ஒரு பாட்டில் பிடித்துப் போக ஆய்வகத்திலிருந்து ஆள் வந்தது. வந்தவள் குளத்தார் சம்சாரம்!

கரண்டியும் கையுமாக ஒரு பத்ரகாளியை எதிர்பார்த்திருந்த முதலாளியம்மா அசந்து போனாள். ஒல்லியாக ஆபீஸ் அறை வாசலில் நின்று, மெல்லிய குரலில், "வணக்கம்மா" என்றாள் அவள்.

"வாம்மா மகராசி. கட்டின புருஷன் கால்ல விழுந்து கெஞ்சியும் மனசு இரங்கலையே உனக்கு! காபியைக்கூடவா நிறுத்துவே?"

அவள் திருதிருவென்று விழித்தாள்.

"யாரு, அவரா? எங்கிட்டயா?"

"பின்னே? ரிப்போர்ட்டை மாத்தச் சொல்லித்தான்."

"ஐயோ, ஆலைப் பேச்சையே அவர் வீட்டுக்குக் கொண்டு வரமாட்டாரும்மா. முத்திரை குத்தி அனுப்பின அன்னைக்குக்கூட ஒரு வார்த்தை கேக்கல. காபியே அவர்தான் போட்டு என்னை எழுப்புவாரு."

முதலாளியம்மா ஜன்னல் வழியே பார்த்தாள். குளத்தார் மதகின் சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தான்.

"சரி, ஒருவேளை கேட்டிருந்தா? முடியாதுன்னு சொல்லியிருப்பேல்ல?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியலம்மா. கல்யாணமான நாள்லேர்ந்து அவர் எதைக் கேட்டும் நான் முடியாதுன்னு சொன்னதே இல்ல. அது அவருக்கும் தெரியும்."